1,12,000 ரூபா எஸ்டிமேட்டும் பதினஞ்சு வயசு வண்டியும்

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேங்க. எழுதியிருக்கறது ஒண்ணு, கேக்க வர்றது வேறன்னு தோணுது. எழுதியிருக்கறது இது: 2011 ஜூன்ல ரிஜிஸ்டர் ஆன சுவிஃப்ட் டீசல், ஒரே ஓனர், 1,48,000 கிலோமீட்டர், தூத்துக்குடில இருக்கீங்க, மாசம் 600 கிலோமீட்டர்தான் ஓட்டம், அதுவும் முக்காவாசி டவுனுக்குள்ள. பிக்கப் இல்ல, மிதிச்சா கரும்புகை தள்ளுது, நின்னா ஏசி கூலிங் இல்ல, ஓடும்போது இருக்கு, ஸ்பீட் பிரேக்கர்ல கடகடன்னு சத்தம், கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. ஒர்க்‌ஷாப்ல 1,12,000 எஸ்டிமேட் குடுத்துட்டாங்க, புது வண்டி ஷோரூம்ல எக்ஸ்சேஞ்சுக்கு 1,40,000 சொல்றாங்க, வெளிய புரோக்கர் ஒருத்தர் 1,90,000 சொல்றார். "ரெண்டு லட்சம் கூட பெறாத வண்டிக்கு ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்றது முட்டாள்தனமா?" இதுதான் கேள்வி. ஆனா நீங்க நெஜமா தெரிஞ்சுக்க நினைக்கறது, இந்தக் காசப் போட்டா இதோட முடியுமா, இல்ல போட்டுக்கிட்டே இருக்கணுமாங்கறதுதான். மொதல்லயே சொல்லிடறேன், இதோட முடியாது. பதினஞ்சு வயசு வண்டில எதுவும் "இதோட" முடியாது. வருஷத்துக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சு செலவு பண்ணப் போறீங்களா, தெரியாம மாட்டப் போறீங்களாங்கறத மட்டும் முடிவு பண்ண முடியும், அதுக்கு வழி சொல்றேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன், ஏன்னா இதுல எனக்கு ஒரு சார்பு இருக்கு. ஐடிஐல மோட்டார் மெக்கானிக் படிச்சுட்டு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒம்பது வருஷம், அப்புறம் கோயமுத்தூர்ல சொந்தமா ஒர்க்‌ஷாப் போட்டு இருபது வருஷம் ஆகப் போகுது. அதாவது வண்டிய ரிப்பேர் பண்ணுங்கன்னு சொன்னாதான் எனக்கு சோறு. ஷோரூம்காரர் மாத்துங்கன்னு சொல்லுவார், நான் பண்ணுங்கன்னு சொல்லுவேன், ரெண்டு பேரோட பேச்சையும் அந்தக் கழிவு போட்டே கேளுங்க. அதுவும் போக உங்க வண்டிய நான் பாக்கல, சத்தம் கேக்கல, வாசன பிடிக்கல. நீங்க எழுதினத வச்சுதான் சொல்றேன்.

வண்டி விலையையும் ரிப்பேர் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது எல்லாரும் பண்றதுதான், விலைல பாதிக்கு மேல செலவு வந்தா தள்ளிவிட்டுடுன்னு ஒரு பேச்சும் இருக்கு. அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. 1,90,000ங்கறது வண்டிய வித்தா வர்ற காசு, வித்தீங்கன்னா உங்ககிட்ட வண்டி இருக்காது, அப்ப இன்னொன்னு வாங்கணும். ஆக ரிப்பேர் செலவ ஒப்பிட வேண்டியது இந்த வண்டியோட விலையோட இல்ல, இதுக்கு பதிலா வரப்போற வண்டிக்கு வருஷா வருஷம் ஆகப்போற செலவோட. அந்தக் கணக்குக்கு அப்புறமா வர்றேன், அதுக்கு முன்னாடி அந்த எஸ்டிமேட்டப் பிரிச்சுப் பாக்கணும், எனக்கு அதப் பாத்ததும் கையே பரபரத்துச்சு.

நீங்க போட்ட விவரப்படி டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பறது) 28,000, நாலு இன்ஜெக்டர் (டீசலப் பீச்சறது) ரீகண்டிஷன் 24,000, கிளட்ச் செட் லேபரோட 14,000, சஸ்பென்ஷன் 18,000, ஏசி கம்ப்ரஸர் 16,000, இன்ஜின் மவுண்டிங் 6,000, ஜெனரல் சர்வீஸ் அதுல டீகார்பனைசிங் (கரி எடுக்கறது), இன்ஜெக்டர் கிளீனிங், அண்டர் கோட்டிங்னு (வண்டிக்கு அடில துரு பிடிக்காம அடிக்கற பூச்சு) 6,000. கடைசி ஐட்டத்தப் பாருங்க, இன்ஜெக்டர கழட்டி ரீகண்டிஷனுக்கு அனுப்பறவங்க மறுபடி எதுக்கு தனியா இன்ஜெக்டர் கிளீனிங் போடறாங்க? ஏமாத்தறாங்கன்னு நான் சொல்லல, பெரிய இடத்துல கம்ப்யூட்டர்ல பேக்கேஜ் தட்டினா எல்லாம் சேந்துதான் வந்து விழும். ஆனா அந்த ஒரு வரி சொல்லுது, இது வண்டியப் பாத்து போட்ட எஸ்டிமேட் இல்ல, கம்ப்ளெயின்டக் கேட்டு போட்டது.

இதுல எனக்கு சந்தேகமே இல்லாதது கிளட்சும் சஸ்பென்ஷனும். டவுன் ஓட்டத்துல ஒன்னரை லட்சம் கிலோமீட்டர்ல கிளட்ச் போறது அதிசயம் இல்ல, பெடல் கல்லு மாதிரி ஆகுதுன்னா பிரஷர் பிளேட் தேஞ்சிருக்கு, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேத்து மாத்திடணும், பேரிங் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, மறுபடி கியர் பாக்ஸ் இறக்கணும்னா லேபர் திரும்ப குடுக்கணும். கடகட சத்தத்துக்கு லோயர் ஆர்ம் புஷ்ஷு, லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் மேல இருக்கற மவுண்டிங் இதுல ஏதாவது ரெண்டு மூணு இருக்கும், அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வண்டிய விக்கறதா இருந்தாலும் வச்சிருக்கற வரைக்கும் ஓட்டப்போறது நீங்கதான். கியர் பாக்ஸ் இறக்கும்போதே இன்ஜின் மவுண்டிங்கும் பாத்து பண்ணிடலாம். மூணும் சேத்தா 38,000. 1,12,000ல கண்ண மூடிட்டு ஓகே சொல்லக்கூடியது இந்த 38,000 மட்டும்தான்.

டர்போவும் இன்ஜெக்டரும் எனக்கு சந்தேகம். கரும்புகைன்னா டீசல் அதிகம், காத்து கம்மி, அவ்வளவுதான் அர்த்தம். காத்து ஏன் கம்மி ஆச்சுங்கறதுக்கு டர்போ ஒரு காரணம், ஆனா அதுக்கு முன்னாடி நாலஞ்சு சின்ன காரணம் இருக்கு. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம். டர்போல இருந்து இன்ஜினுக்கு காத்து கொண்டு போற ரப்பர் ஹோஸ் இந்த வயசுல வெடிச்சிருக்கும், நின்னா தெரியாது, மிதிச்சு பிரஷர் ஏறும்போது மட்டும் விரிஞ்சு காத்து வெளிய போகும், ஆயிரத்துச் சொச்சம் ரூபா வேலை. டவுனுக்குள்ளயே மெதுவா ஓட்டற டீசல்ல, புகைல கொஞ்சத்த இன்ஜினுக்கே திருப்பி விடற இஜிஆர் வால்வுல கரி அடைஞ்சு வால்வு மூடாம நிக்கும், கழட்டி சுத்தம் பண்ணா சரியாகிடும், உங்க ஓட்டத்துக்கு எனக்கு இதுமேலதான் மொதல் சந்தேகம். இதெல்லாம் பாத்துட்டு அப்பவும் பிக்கப் வரலன்னா டர்போ வாய்ல இருக்கற ஹோஸக் கழட்டி ஷாஃப்ட விரலால ஆட்டிப் பாக்கணும், லேசா பக்கவாட்டுல ஆடும், அது பரவால்ல, பிளேடு போய் சுத்துச் சுவர்ல உரசுதுன்னா, இல்ல முன்னும் பின்னும் ஆட்டம் இருக்குன்னா டர்போ போச்சு. ஹோஸுக்குள்ள எண்ணெய்ப் பசை இருந்தா பயப்படாதீங்க, எல்லா டர்போ வண்டிலயும் கொஞ்சம் இருக்கும், ஊத்தி நின்னாதான் பிரச்சனை. இன்ஜெக்டருக்கு லீக் ஆஃப் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் டியூபையும் நாலு சின்ன பாட்டில்ல விட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டா எதுல டீசல் அதிகமா திரும்பி வருதுன்னு கண்ணாலயே தெரியும். ஒண்ணு கெட்டிருந்தா ஒண்ணப் பாத்தா போதும், எதுக்கு நாலும்? இந்த டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க, பண்ணலன்னா அந்த 24,000ஐ தள்ளி வைங்க.

ஏசி இன்னும் சுலபம், நீங்களே வீட்டு வாசல்ல பாத்துடலாம். வண்டி நிக்கும்போது ஏசியப் போட்டு, நியூட்ரல்ல வச்சு ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் குடுத்துப் பாருங்க. ரேஸ் பண்ணா கூலிங் ஏறுதுன்னா கம்ப்ரஸர் தளர்ந்திருக்கலாம், கேஸ் கம்மியாவும் இருக்கலாம். ரேஸ் பண்ணியும் ஏறல, ஆனா முன்னாடி கிரில் வழியா, ஏசியோட சூட்ட வெளிய விடற கண்டென்சர் மேல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனதும் ஜில்லுன்னு ஆகுதுன்னா கம்ப்ரஸர் நல்லா இருக்கு, ஃபேன் வேகம் போதல, இல்ல கண்டென்சர் தூசி அடைஞ்சிருக்கு. ஓடும்போது கூலிங் இருக்கு, நின்னா இல்லன்னு நீங்க சொல்றத வச்சு எனக்கு ஃபேன் மேலதான் கண்ணு. ஆனா கேஜ் போட்டு ரெண்டு பக்க பிரஷரும் பாக்காம யார் சொன்னாலும் அது குத்துமதிப்புதான், நான் சொல்றதும் சேத்து.

ஆக 38,000 உறுதி, 68,000 நிரூபிக்க வேண்டியது, 6,000 தேவையில்லாதது. இந்த 68,000ம் நெஜமாவே தேவைன்னு முடிவாச்சுன்னா கூட மொத்தம் 1,06,000, இத மோசமான கணக்குன்னு வச்சுக்கங்க.

இன்ஜின் உள்ள எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை. காலைல ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்டுக்கு மேல சங்கிலி உரசற மாதிரி கலகலன்னு சத்தம் வந்தா டைமிங் செயின் தளர்ந்துருச்சுன்னு அர்த்தம், இதுல பெல்ட் இல்ல, செயின்தான், அது எஸ்டிமேட்ல இல்லாத செலவு. சூடான இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்தற மூடியத் திறந்தா ரயில் இன்ஜின் மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை தள்ளினா அதத்தான் நாங்க பேக் கம்ப்ரஷன்னு சொல்லுவோம், பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. நீலப் புகை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல ஆயில் குறையறது இதெல்லாம் இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணாம ஒரு ரூபா கூட போடாதீங்க, ஏன்னா அப்ப இன்ஜினப் பிரிக்கணும், இப்ப சொன்ன கணக்கு எதுவும் நிக்காது. இது எதுவும் இல்லன்னா இந்த இன்ஜினப் பத்தி பயம் வேண்டாம். ஃபியட் டிசைன் பண்ண 1248 சிசி இன்ஜின், மாருதில மட்டும் இல்லாம டாட்டா, ஃபியட்னு ஏகப்பட்ட வண்டில போட்டு நேஷனல் இன்ஜின்னே பட்டப்பேர் வந்துருச்சு. மாருதி 2020 ஏப்ரலோட டீசல நிறுத்திட்டாங்கதான், ஆனா ரோட்டுல இத்தன ஓடறதால ஸ்பேர்ஸுக்கும் இதப் பிரிச்சு மேஞ்ச மெக்கானிக்குக்கும் பஞ்சம் இல்ல. இதே கேள்விய ஒரு செவர்லே ஓனர் கேட்டிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன், அவங்க 2017லயே இந்தியால விக்கறத நிறுத்திட்டாங்க, சில பார்ட்ஸுக்கு வாரக்கணக்குல தேட வேண்டியிருக்கு.

இப்ப நீங்க சொல்லாம விட்ட விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியம். தூத்துக்குடின்னு சொன்னீங்க, துருவப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. இன்ஜின், கியர் பாக்ஸ், ஏசி எல்லாம் போல்ட் போட்டு மாட்டின சாமான், கழட்டி வேற மாட்டலாம். பாடி அப்படி இல்ல, இந்த மாதிரி கார்ல தனியா சேசிஸ், அதாவது வண்டியத் தாங்கற சட்டம் கிடையாது, பாடிதான் சேசிஸ். உப்புக்காத்துல பதினஞ்சு வருஷம் நின்ன வண்டிக்கு கீழ போய் பாக்காம மேல என்ன செலவு பண்ணாலும் செல்லரிச்ச கட்டிலுக்கு புது மெத்தை போட்ட கதைதான்.

இது நானே பட்டது. ஏழெட்டு வருஷம் முன்ன ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர், மகள் இங்க காலேஜ் படிக்கறதால வந்தவர், பழைய வண்டிய விட்டுட்டுப் போனார். இன்ஜின் வேலை, எழுவதாயிரம் கிட்ட பில். நான் இன்ஜின்லயே தலைய விட்டுட்டு இருந்தேன், லிஃப்ட்ல ஏத்தினப்ப கூட கீழ கறுப்பு கோட்டிங் அடிச்சிருந்ததப் பாத்து நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். ஆறு மாசத்துல பின்னாடி ஆக்ஸில் பாடியோட சேர்ற எடம் இத்துப்போய் பிளந்துருச்சு, நல்ல வேளை மெதுவா போய்க்கிட்டு இருந்தார். அந்தக் கோட்டிங் துருவுக்கு மேலயே அடிச்சது. மனுஷன் என்னைத் திட்டக்கூட இல்ல, அதுதான் இன்னும் உறுத்துது. அன்னிக்கு இருந்து எந்தப் பழைய வண்டி வந்தாலும் மொதல்ல ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு கீழ போயிடுவேன்.

நீங்களும் அதத்தான் பண்ணணும். எஸ்டிமேட்ல அண்டர் கோட்டிங் போட்டிருக்காங்க பாருங்க, அதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்தச் சொல்லி நீங்களே கீழ நின்னு பாருங்க. கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நீளமா ஓடற பெட்டி மாதிரி பகுதி, முன்னாடி ஷாக் அப்சார்பர் மேல போய் மாட்டற குமிழ், பின் ஆக்ஸில் மாட்டற எடம், மேட்டத் தூக்கிட்டு ஃபுளோர், ஸ்டெப்னி வைக்கற குழி. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டுங்க, டங்குன்னு சத்தம் வந்தா இரும்பு இருக்கு, பொத்துன்னு வந்தா ஓட்டைய மறைக்க அப்பின பட்டியோ துருவோதான் இருக்கு. மேலாப்புல செம்மண் நிறத்துல இருக்கற துரு பரவால்ல, தேச்சு பிரைமர் அடிக்கலாம். கதவுலயோ பானெட்லயோ ஓட்டை இருந்தா கூட டிங்கரிங்ல போயிடும். ஆனா நான் சொன்ன அந்த அஞ்சு எடத்துல, முக்கியமா ஷாக் குமிழ்லயும் ஆக்ஸில் எடத்துலயும் குத்தினா உள்ள போகுதுன்னா கிளட்ச் கூட மாத்தாதீங்க, வண்டிய விட்டுடுங்க. வெல்டிங் வச்சு ஒட்டித் தர்றேன்னு சொல்லுவாங்க, நானும் பண்ணியிருக்கேன், அது எத்தன நாள் நிக்கும்னு எழுதிக் குடுன்னா எவனும் குடுக்க மாட்டான்.

இன்னொண்ணு, 2023 டிசம்பர் மழைல உங்க ஊரும் திருநெல்வேலியும் தண்ணில நின்னுச்சே, அப்ப வண்டி எங்க நின்னுச்சு? சீட்டு மட்டத்துக்குத் தண்ணி ஏறியிருந்தா ஒயரிங் கனெக்டர்ல பச்சைக் களிம்பு பிடிச்சு இன்னிக்கு சென்சர், நாளைக்கு பவர் விண்டோன்னு ஒண்ணொண்ணா போகும், அந்த மாதிரி வண்டிக்கு எந்த மெக்கானிக்காலயும் வருஷச் செலவு சொல்ல முடியாது. டயர் அளவுக்குதான் தண்ணின்னா கவலை இல்ல.

அடுத்து, உங்க ஆர்சியோட பதினஞ்சு வருஷம் முடியற ஜூன் மாசம். பதினஞ்சு வருஷம் ஆனா கார நசுக்கிடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க. பத்து வருஷ டீசல், பதினஞ்சு வருஷ பெட்ரோல் தடைங்கறது டெல்லி சுத்துவட்டாரத்துக்கு கோர்ட்டும் பசுமைத் தீர்ப்பாயமும் போட்டது, நம்ம ஊருக்கு இல்ல. இங்க சொந்த உபயோக வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டி எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாக்கற சோதனை) பாத்து ஆர்சிய அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக்கலாம். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்த ஃபீஸ் 5,000 ரூபா, அதுக்கு முன்ன 600 தான் இருந்துச்சு, கூடவே கிரீன் டாக்ஸ், இன்சூரன்ஸ், புகை சர்டிஃபிகேட் வேணும். காலாவதி ஆகறதுக்கு 60 நாள் முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், லேட்டானா மாசத்துக்கு 500 ஃபைன். இருவது வயசு தாண்டினா ஃபீஸ் 10,000ன்னு 2025ல ஏத்திட்டாங்க, அது உங்களுக்கு இப்ப இல்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டு, பிரேக்கு, ஹாரன் எல்லாம் பாப்பார், சேசிஸ் நம்பர பென்சில்ல தேச்சு பிரின்ட் எடுக்கணும், துருல அந்த நம்பர் அழிஞ்சிருந்தா அலைச்சல்தான், இப்பவே தொடச்சு கிரீஸ் தடவி வைங்க. புரோக்கர் சொன்ன 1,90,000 எஃப்சி பண்ணினதுக்கா, பண்ணாததுக்கான்னும் கேளுங்க, ஜூனுக்கு அப்புறம் பேப்பர் இல்லாத வண்டிக்கு அதே ஆள் வேற விலை சொல்லுவார்.

சரி, புது வண்டிக் கணக்கு. உங்க சைஸுக்கு 8 லட்சம் எக்ஸ் ஷோரூம், அதாவது லைஃப் டாக்ஸ், இன்சூரன்ஸ் சேக்காத விலைன்னு வச்சுக்கங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28 பர்சென்ட்ல இருந்து 18 ஆனதால விலை கொறஞ்சிருக்கு, அது நெஜம். ஆனா நம்ம தமிழ்நாட்டுல 2023ல இருந்து 5 முதல் 10 லட்ச ரூபா காருக்கு லைஃப் டாக்ஸ் 13 பர்சென்ட், அதுவே 1,04,000 ஆச்சு, இன்சூரன்ஸும் மத்ததும் சேந்து ஒம்பதரைக்குக் கிட்ட வந்து நிக்கும். 8 லட்சம் லோன், 9 பர்சென்ட், அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 16,600 சொச்சம், மொத்த வட்டி 1,96,000. மொதல் மூணு வருஷத்துல மட்டும் வட்டி 1,60,000 போயிடும். மூணு வருஷம் கழிச்சு அந்த வண்டிய வித்தா அஞ்சரையிலிருந்து ஆறு லட்சம் கிடைக்கும்னு நான் நினைக்கறேன், இது என் அனுபவத்துல சொல்ற குத்துமதிப்பு, மாடலப் பொறுத்து மாறும். ஆக மூணு வருஷத்துல காணாம போற காசு அஞ்சு லட்சத்துக்கு மேல, வருஷத்துக்கு 1,75,000. இந்தப் பக்கம் உங்க பழைய வண்டி, மோசமான கணக்கு 1,06,000, அதுக்கு மேல வருஷத்துக்கு 35,000 ஏதாவது வந்துக்கிட்டே இருக்கும்னு வச்சா மூணு வருஷத்துல 2,11,000, வருஷத்துக்கு 70,000. நீங்க ஓட்டறதோ வருஷத்துக்கு 7,200 கிலோமீட்டர். பழசுல கிலோமீட்டருக்கு பத்து ரூபா, புதுசுல இருவத்தி நாலு, டீசலும் பெட்ரோலும் தனி. புதுசு மைலேஜ் குடுக்கும்னு சேல்ஸ்மேன் சொல்லுவார், ஆனா நீங்க போறது டீசல்ல இருந்து பெட்ரோலுக்கு, லிட்டர் விலை கூட, உங்க ஓட்டத்துக்கு ஃபியூல்ல மிச்சம்னு ஒண்ணும் நிக்காது. மாசம் 2,000 கிலோமீட்டர் ஓட்டறவரா இருந்தா இந்தக் கணக்கே தலைகீழா போயிருக்கும், ரோட்டுல நின்னா வேலை போயிடும்ங்கறவருக்கும் அப்படித்தான்.

கணக்குல வராத ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டும் உங்க வண்டிக்கு எதிரானது, மறைக்க விரும்பல. ஒண்ணு இன்சூரன்ஸ். பழைய வண்டியோட ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போடற மதிப்பு, ஒன்னரை லட்சம்னு வைங்க, ரிப்பேர் செலவு அதுல 75 பர்சென்ட தாண்டினா டோட்டல் லாஸ்னு குளோஸ் பண்ணிடுவாங்க, அதாவது 1,12,500. சுமாரான ஒரு இடி போதும் அதுக்கு. இப்ப ஒரு லட்சம் செலவு பண்ணி புதுசா மாட்டின சாமானுக்கு ஐடிவில ஒரு ரூபா ஏறாது. ரெண்டாவது பாதுகாப்பு. உங்க வேரியன்ட்ல ஏர்பேக், ஏபிஎஸ் (சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கறது) இருக்கான்னு பாருங்க, அந்தக் காலத்துல பெரும்பாலும் மேல் வேரியன்ட்லதான் குடுப்பாங்க. 2019 ஏப்ரல்ல இருந்து எல்லா புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம், அதே வருஷம் ஜூலைல இருந்து டிரைவர் ஏர்பேக், முன்சீட்டு ரெண்டுக்கும் 2022ல இருந்து. டவுனுக்குள்ள 40ல போறவருக்கு இது ஒரு கணக்கு, வாரா வாரம் குழந்தைங்களோட மதுரை நாலுவழிச் சாலைல 100ல போறவருக்கு வேற கணக்கு. அதுக்கு நான் ரூபா போட மாட்டேன், உங்க வீட்டுல பேசி முடிவு பண்ண வேண்டியது. என் தம்பி குடும்பத்துக்கு மூணு வருஷம் முன்ன இதுக்காக மட்டுமே நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டிய விக்க வச்சேன், ரிப்பேர் பண்றவன் சொல்ற யோசனையா இதுன்னு அவனே சிரிச்சான்.

நடுவுல ஒரு வழி இருக்கு, 4 லட்சத்துக்கு ஆறேழு வயசுல பழைய வண்டி. நல்ல வழிதான், ஆனா உங்க வண்டியோட நோய் உங்களுக்குத் தெரியும், அந்த வண்டியோடது தெரியாது. பாக்கப் போனா சீட் பெல்ட முழுசா இழுத்து அடிப்பக்கம் சேத்துக்கறை இருக்கான்னு பாருங்க, வெள்ளத்துல நின்ன வண்டியெல்லாம் பாலிஷ் போட்டு வேற ஊர்ல வந்து நிக்குது, இங்க எங்க பக்கத்துக்கே சென்னை வண்டி அப்படி வந்திருக்கு. அதையும் லிஃப்ட்ல ஏத்தாம வாங்காதீங்க. வாங்கினதும் ஒரு முப்பதாயிரம் டயரு, பேட்டரி, ஆயிலுன்னு போகும், அதையும் விலையோட சேத்துக்கங்க.

இப்ப நீங்க என்ன பண்ணலாம்னா, இந்த வாரம் ஊர்ல டீசல் வண்டி பாக்கற வேற ஒரு மெக்கானிக்கிட்ட போங்க, எஸ்டிமேட்டக் காட்டாதீங்க, கம்ப்ளெயின்ட மட்டும் சொல்லுங்க. முன்னாடியே பேசி ஐநூறோ ஆயிரமோ செக்கிங் சார்ஜ் குடுத்துடுங்க, சும்மா பாக்கச் சொன்னா சும்மாதான் பாப்பாங்க. லிஃப்ட், லீக் ஆஃப் டெஸ்ட், ஏசி கேஜ், டர்போ ஷாஃப்ட் நாலும் பாக்கச் சொல்லுங்க, ஒரு அரை நாள் வேலை. பாடி கெட்டியா இருந்து இன்ஜின்ல பேக் கம்ப்ரஷன் இல்லன்னா 38,000 வேலைய மொதல்ல முடிங்க, இஜிஆர், ஹோஸ் பாத்துட்டு ஒரு மாசம் ஓட்டுங்க, மிச்சம் எது தேவைன்னு வண்டியே சொல்லும். பாடில ஓட்டைன்னா ஜூனுக்கு முன்னாடி பேப்பர் உயிரோட இருக்கும்போதே, வாங்கறவர்கிட்ட துரு இருக்கறதச் சொல்லிட்டு, கிடைக்கற விலைக்கு குடுத்துடுங்க, எக்ஸ்சேஞ்சுக்கும் வெளி விலைக்கும் இருக்கற அம்பதாயிரத்த பேரம் பேசிப் பாருங்க, எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு தனியா ஒண்ணு வச்சிருப்பாங்க, அது 1,40,000ல சேத்தியா தனியான்னு வாயத் திறந்து கேட்டாதான் சொல்லுவாங்க.

லிஃப்ட்ல ஏத்தும்போது அந்த அஞ்சு எடத்தையும் வெளிச்சம் அடிச்சு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, ஆயில் மூடியத் திறந்து வச்சு ஒரு வீடியோவும். 2023 மழைல வண்டி எங்க நின்னுச்சுன்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் ஷோரூமுக்கும் சரி ஒர்க்‌ஷாப்புக்கும் சரி அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க.